கருநிழல் குடிவந்த வீடு

கருநிழல் என்ற புனைபெயர், மீசையும் கறுப்புக் கண்ணாடியும் மழைக்கோட்டுமாக அந்த வீட்டுக் கதவைத் தட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்கென்று பார்த்து கேஸ் தீர்ந்திருந்தது, குழாயிலும் தண்ணீர் நின்றிருந்தது. அதனால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதவைத் திறந்த லிஃப்ட்காரர், ஊரெல்லாம் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், வந்தவன் கேஸ் கம்பெனி ஆள் என்று நினைத்து, "சிலிண்டர் எங்கப்பா?" என்று கேட்டார். "உன் மனைவியின் முடிவு நெருங்கிவிட்டது" என்று வந்தவன் பதில் சொன்னான். மனைவி அந்தப் பேரில் எழுதும் பேய்த் தொடரில் பல வருஷமாக வாரம் தவறாமல் படித்துவந்த வசனம்தான். லிஃப்ட்காரருக்கு ஆள் யாரென்று உடனே புரிந்துவிட்டது. உள்ளே திரும்பி, "இந்தா, உன் ஆளு வந்திருக்காரு" என்று குரல் கொடுத்துவிட்டு, டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

பத்திரிகை ஓவியர் ஒரு காலத்தில் அவசரத்துக்கு வரைந்து கொடுத்த படம் எப்படியோ அப்படியே இருந்தான் கருநிழல். அடர்ந்த மீசை, ஒரு புருவம் மட்டும் மேலே ஏறிய முகம், காலர் தூக்கிய கோட்டு. படம் மார்போடு நின்றுவிட்டதால் அதற்குக் கீழே அவனுக்கு ஒழுங்கான உருவம் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகப் பென்சில் கோடுகள் திரண்டு கால் மாதிரி நடந்தன. நடந்த இடமெல்லாம் கரி. அவனை இத்தனை காலம் வெறும் பேராக மட்டும் வைத்திருந்த கதைக்காரி, அடுப்படியிலிருந்து வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஈரத்துணியை எடுத்துவந்து துடைத்தாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அவள் வாழ்நாளில் யாரையும் எதுவும் சொன்னதில்லை. எழுதியதோடு சரி.

எழுத ஆரம்பித்ததும் ஒரு விபத்துதான். வாரப் பத்திரிகை ஒன்றில் அவள் புரூப் பார்க்கிற வேலையில் இருந்தாள். அங்கே பேய்த் தொடர் எழுதிக்கொண்டிருந்தவர், கதாநாயகியைப் பாழுங்கிணற்றில் பாதி தூரம் தொங்கவிட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போட்டிப் பத்திரிகைக்குப் போய்விட்டார். ஆசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சாப்பாட்டு இடைவேளையில் இவள் அடுத்த அத்தியாயத்தை எழுதி அவர் மேஜையில் வைத்தாள். படித்துவிட்டு அவர் நாற்காலியை ஜன்னல் பக்கமிருந்து நகர்த்திப் போட்டுக்கொண்டார். "வயித்தைக் கலக்குதும்மா. ஆனா பொம்பளை பேரைப் போட்டா எவன் பயப்படுவான்?" என்றார். அவளுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. பேசாமல் நின்றாள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் பேர் வைத்தாகிவிட்டது, படமும் வரைந்தாகிவிட்டது.

அதன்பிறகு அவள் கோபத்துக்கெல்லாம் ஒரே வடிகால் அந்தத் தொடர்தான். வீட்டுச் சொந்தக்காரர் வாடகை ஏற்றினால் அந்த வாரம் மொட்டை மாடித் தொட்டியில் ஒரு பிணம் மிதக்கும். இரண்டாவது மாடியில் குடியிருந்த நாத்தனார் மேலே வந்து, "உன் வீட்டுத் திரைச்சீலையும் உன்னை மாதிரியே வெளிறிப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனால், வெள்ளிக்கிழமை ஒரு பணக்காரச் சீமாட்டி தன் வீட்டுத் திரைச்சீலையாலேயே மூச்சுத் திணறிச் செத்துக்கிடப்பாள். நாத்தனார் அதைப் படித்துவிட்டு, "யாரோ பாவம்" என்பார். லிஃப்ட்காரருக்கோ பத்திரிகைதான் வானிலை அறிக்கை. வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே தொடரைப் புரட்டுவார். செத்தவன் கைரேகை பதிந்த ஸ்பானரோடு கிடந்தால், போன வாரம் தாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டே பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். கட்டடத்தில் எல்லோரும் அவளை வாயில்லாப் பூச்சி என்றார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள்.

இப்படி வருஷக்கணக்காக அவள் விழுங்கிய கோபத்தையெல்லாம் தின்று வளர்ந்தவன், ஒரு நாள் சோற்றுக்கு வந்து உட்கார்ந்துவிட்டான். முதல் வாரம் வாசல் பக்கத்து ஸ்டூலில் அடக்கமாக இருந்தான். தண்ணீர் கேட்பதைக்கூட "உன் தொண்டை வறளும் நேரம் உனக்கும் வரும்" என்று மிரட்டலாகத்தான் கேட்பான் என்றாலும், கேட்டது தண்ணீர்தான். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் நாற்காலியை எடுத்துக்கொண்டான். அவள் பேனாவை எடுத்துக்கொண்டான். பத்திரிகை ஆபீசுக்கு அவனே போனான். ஆசிரியர் எழுந்து நின்று கைகொடுத்தார், இத்தனை காலம் கழித்து உங்களை நேரில் பார்ப்பது எங்கள் பாக்கியம் என்றார், புரூப் மேஜையில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்து ஸாருக்கு டீ கொண்டுவரச் சொன்னார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை அந்த ஆபீசில் அப்படித்தான் நடந்தது. அவள் டீ கொண்டுவந்தாள். அந்தக் கோபத்தையும் அவனே எடுத்துக்கொண்டு அரை அங்குலம் உயர்ந்தான்.

ஒரு மத்தியானம் அவன் தூங்கும்போது அவள் ரப்பரை எடுத்து அவன் இடது காலை அழிக்க ஆரம்பித்தாள். பாதி அழிக்கும்போதே தன் இடது கால் மரத்துப்போவதைக் கண்டு நிறுத்திவிட்டாள். அவன் கண்ணைத் திறக்காமலே, "ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது" என்றான். அந்தக் கால் மறுநாளே அவனுக்கு முளைத்துவிட்டது. அவளுக்குத்தான் நடக்கும்போது தரை சரியாகப் படவில்லை.

விஷயம் விபரீதம் என்று கண்டுபிடித்தது லிஃப்ட்தான். அந்தக் கட்டடத்து லிஃப்ட் கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். உள்ளே ஆள் ஏறினால் அடித்தரை ஒரு விரல் கடை இறங்கும், விளக்கு எரியும், அப்புறம்தான் நகரும். ஒரு நாள் அவள் உள்ளே போய் நின்று பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. லிஃப்ட்காரர் தரையைக் கழற்றி ஸ்பிரிங்கைப் பார்த்தார், எண்ணெய் போட்டார், தாம் ஏறிப் பார்த்தார், நகர்ந்தது. அவளை ஏற்றினார், நகரவில்லை. "லிஃப்ட் மேல தப்பு இல்லம்மா. உள்ள ஆளே இல்லேன்னு அது நினைக்குது" என்றார். அன்றிலிருந்து அவள் மேலே போகவும் கீழே வரவும் அவருடைய டூல் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைக்காரர் அவளைத் தாண்டி அடுத்தவருக்குச் சாமான் கொடுத்தார். கண்ணாடியில் அவள் இருந்தாள், ஆனால் கொஞ்சம் தாமதமாக வந்தாள்.

அப்போதுதான் சினிமா வந்தது. ஒரு இயக்குநர் கருநிழலைத் தேடி வந்து, எழுத்தாளர் ஒருத்தியையும் அவளுக்குள்ளிருந்து கிளம்பி வருகிற கெட்ட உருவத்தையும் பற்றிப் பேய்ப்படம் எடுக்கப்போவதாகச் சொன்னார். கருநிழல் திரைக்கதையை அவனே எழுதினான். அவன் காலையில் எழுதும் காட்சி மத்தியானத்துக்குள் வீட்டில் நடந்தது. எழுத்தாளரின் விரல்கள் வலுவிழக்கின்றன என்று எழுதினான். அவள் கையிலிருந்த தட்டு நழுவி உடைந்தது. எழுத்தாளரின் நிழல் அவளை விட்டு விலகுகிறது என்று எழுதினான். துணி காயப்போட மாடிக்குப் போனவளுக்கு வெயிலில் நிழல் விழவில்லை. கடைசிக் காட்சியை எழுதிய அன்று தாள்களை அவள் எதிரிலேயே விரித்துப் போட்டான். நாலாவது மாடி. லிஃப்ட் இல்லாத லிஃப்ட் குழி. கெட்ட உருவம் எழுத்தாளரை உள்ளே தள்ளுகிறது. முற்றும். இயக்குநருக்கு இவர்கள் கட்டடத்து லிஃப்டே பிடித்துப்போய், அங்கேயே படம் பிடிப்பது என்று முடிவாயிற்று.

லிஃப்ட்காரர் அன்று சாப்பிடவில்லை. "ஃபியூஸைப் பிடுங்கிடறேன். கதவை வெல்ட் பண்ணிடறேன். ரெண்டு பேரும் எங்கயாவது போயிடலாம்" என்றார். "எங்க போனாலும் அவன் பின்னாலயே வருவான். ஓடறவளைக் கண்டா துரத்தறவனுக்குக் கொண்டாட்டம்" என்றாள் அவள். அதுவே அவளைப் பொறுத்தவரை நீண்ட பேச்சு. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க மேல மோட்டார் ரூம்ல உட்காருங்க. நான் கூப்பிட்டதும் பெட்டியைக் கையால சுத்தி மேல அனுப்புங்க" என்றாள். "கூப்பிடுவேங்கற. மோட்டார் ரூம் வரைக்கும் கேக்கணுமே. கல்யாணம் ஆன நாளா நீ சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லையே" என்றார். அவள் பயந்ததும் அதற்குத்தான், குழிக்கு இல்லை.

படப்பிடிப்பு பத்து மணிக்கு நல்ல வெளிச்சத்தில் ஆரம்பித்தது. லிஃப்ட் பெட்டியை அடித்தளத்தில் நிறுத்தி, நாலாவது மாடிக் கம்பிக் கதவைத் திறந்து வைத்தார்கள். எழுத்தாளராக நடிக்க வந்த நடிகை குழியை எட்டிப் பார்த்தாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள், படி வழியாக இறங்கிப் போனவள் திரும்பவில்லை. இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கதைக்காரியிடம் வந்தார். "அம்மா, நீங்க கொஞ்சம் நின்னா போதும். முதுகு மட்டும்தான் தெரியும்" என்றார். "நிக்கறேன். ஆனா முதுகு காட்ட மாட்டேன். என்னைக் கொல்றவன் என் மூஞ்சியைப் பார்த்துக் கொல்லட்டும்" என்றாள். இயக்குநருக்கு அது இன்னும் நல்லதாகப் பட்டது. மூன்றாவது மாடியில் பத்திரிகை ஆசிரியர் வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தார். இரண்டாவது மாடியில் நாத்தனார் கம்பிக் கதவில் முகத்தைப் பதித்துக்கொண்டிருந்தார். காமிரா ஓட ஆரம்பித்தது. கருநிழல் மழைக்கோட்டைச் சரிசெய்துகொண்டு வந்து, தன் வசனத்தைச் சொல்லி, இரண்டு கையாலும் அவளைத் தள்ளினான்.

அவள் விழவில்லை. விழுவதற்கு எடை வேண்டும்; அதை அவன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டான். நாலாவது மாடி உயரத்தில் குழிக்கு நடுவே, வெறும் காற்றில், ரோட்டைக் கடக்கப்போகிறவள் போல நின்றாள். அவளிடமிருந்து திருடியே தன் திட்டத்தைத் தானே கெடுத்துக்கொண்டோம் என்பது கருநிழலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒளிப்பதிவாளர் ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார். அவள் கீழே பார்த்தாள். கிரீஸும் தூசியும் ஒரு ஒற்றைச் செருப்பும் தெரிந்தன. மேலே பார்த்தாள். வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு சத்தம். அதற்கும் அப்புறம் வந்ததை அந்தத் தெருவே கேட்டது.

"மேல உட்கார்ந்திருக்கிற மனுஷா! கதவைத் திறந்து ஒரு கொலைகாரனை உள்ள விட்டுட்டு, 'உன் ஆளு வந்திருக்காரு'ன்னு சொல்லிட்டு வேலைக்குப் போனீங்களே, நல்லா இருக்கா? பொண்டாட்டி மனசுல என்ன இருக்குன்னு பொண்டாட்டிகிட்ட கேக்க மாட்டீங்க, பஸ் ஸ்டாண்டுல நின்னு பத்திரிகையைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவீங்க! சுத்துங்க, சுத்துங்க, பெட்டியை அனுப்புங்க!" மோட்டார் ரூமில் லிஃப்ட்காரர் பிரேக்கை விடுவித்து இரும்புச் சக்கரத்தை இரண்டு கையாலும் சுற்ற ஆரம்பித்தார். இத்தனை சந்தோஷமாக அவர் திட்டு வாங்கியதே இல்லை. சொல்லச் சொல்ல அவளுக்கு எடை கூடியது. எடை கூடக் கூட அவள் மெல்ல இறங்கினாள். கீழேயிருந்து பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. பெட்டி வருவதற்குள் எடை முழுசாக வந்துவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. நாத்தனார், "போதும், வாயை மூடு, செத்துடுவ!" என்று கீழேயிருந்து கத்தினார். அவள் மூடவில்லை.

மூன்றாவது மாடிக்கு இறங்கியபோது ஆசிரியர் கம்பிக்கு அந்தப் பக்கம் டீ கிளாஸோடு நின்றிருந்தார். "பொம்பளை பேரைப் போட்டா எவன் பயப்படுவான்னு கேட்டீங்களே ஸார். இப்ப பயமா இருக்கா இல்லையா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று ஆசிரியர் தலையாட்டினார். "என் கதைக்கு அவனுக்குக் கைகொடுத்தீங்க. என்னை டீ வாங்கிட்டு வரச் சொன்னீங்க. அந்தக் கிளாஸைக் கீழ வைங்க!" ஆசிரியர் வைத்தார். இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் காமிராவைத் தூக்கிக்கொண்டு படியில் அவளோடு இறங்கினார்கள். அவர்களுக்கும் போகிற போக்கில் கிடைத்தது. அடுத்தவள் செத்தால்தான் உங்கள் கதை முடியுமா, வேறு முடிவே தெரியாதா, நாலு எழுத்து படித்திருக்கிறீர்களா என்று கேட்டாள். கருநிழலும் படியில் பின்னாலேயே ஓடிவந்தான். ஒவ்வொரு மாடிக்கும் அவன் மீசை மெலிந்தது, கோட்டின் கறுப்பு வெளிறியது. "நிறுத்து! அது என்னுடையது! நான் பேச வேண்டிய வசனம்!" என்று கெஞ்சினான். அவனுடைய குரல் முதல்முறையாகச் சாதாரணமாக இருந்தது.

இரண்டாவது மாடியில் நாத்தனார் கம்பியை விட்டு நகரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றார். "அண்ணி, என் திரைச்சீலை வெளிறித்தான் இருக்கு. நான்தான் துவைக்கறேன், நான்தான் மாட்டறேன், வெளிறட்டும். பிடிக்கலேன்னா என் வீட்டு ஜன்னலைப் பார்க்காதீங்க!" என்றாள். கேட்பவர்களுக்கு அது அற்பமான விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்த வார்த்தைக்குத்தான் அவள் உடம்பில் மிச்சமிருந்த எடையெல்லாம் ஒரேயடியாக வந்து சேர்ந்தது. தடாலென்று விழுந்தாள். பெட்டி அந்த நேரம் முதல் மாடியைத் தொட்டிருந்தது. ஓர் ஆள் உயரம் விழுந்து பெட்டியின் கூரைமேல் குதிகால் பதிய உட்கார்ந்தாள். அந்த அதிர்ச்சி கயிறு வழியாக ஏறி மோட்டார் ரூம் சக்கரத்தில் லிஃப்ட்காரரின் கையை உதறியது. அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுற்றினார். அவள் கூரைமேல் நின்றபடி மாடி மாடியாக ஏறி வந்தாள். இறங்கும்போது விட்டுப்போனதை ஏறும்போது சொன்னாள்.

நாலாவது மாடியில், மறுபடி மேலே ஓடிவந்திருந்த கருநிழல் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, லேசாக வரைந்து பாதியில் விட்ட படம் போல ஆகியிருந்தான். அவனுக்குப் பின்னாலிருந்த மின்சார மீட்டர் அவன் வழியாகத் தெரிந்தது. "உன் முடிவு..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தான். "என் முடிவு எனக்குத் தெரியும். நீ அந்தத் துணியை எடுத்துத் தரையைத் துடை. உன் கரிதான் எல்லாம்" என்றாள். அவன் துடைத்தான். அவனை வெளியே துரத்தச் சொல்லி, படியேறி வந்த நாத்தனார் யோசனை சொன்னார். கதைக்காரி கேட்கவில்லை. என் வயிற்றெரிச்சலில் பிறந்தவனை நான் எதற்குத் தெருவில் விடவேண்டும், இருந்துவிட்டுப் போகட்டும், வேலை செய்துகொண்டு இருக்கட்டும் என்றாள்.

படம் வெளியாயிற்று. இயக்குநர் வேறு முடிவு எடுக்கப் பணமில்லாமல் நடந்ததை அப்படியே சேர்த்துவிட்டார். பேய்ப்படம் என்று வந்தவர்கள் கடைசிக் காட்சியில் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பை நிறுத்தினார்கள். சில ஊர்களில் பெண்கள் எழுந்து நின்று பக்கத்து நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து ஏதேதோ சொல்ல ஆரம்பித்ததால், தியேட்டர்காரர்கள் அந்தக் காட்சி முடிந்ததும் விளக்கைப் போட்டு, பேசி முடிக்க நேரம் கொடுத்தார்கள். லிஃப்ட்காரர் பஸ் ஸ்டாண்டில் பத்திரிகை படிப்பதை விட்டுவிட்டார். வேண்டியதை வேண்டிய அன்றே, வேண்டிய சத்தத்தில், வீட்டிலேயே கேட்டுக்கொண்டார்.

கொஞ்ச காலம் கழித்து ஆசிரியர் வீடு தேடி வந்தார். கருநிழலின் தொடர் இல்லாமல் பத்திரிகை படுத்துவிட்டது என்றும், ஆனால் உதவி கேட்கத் தமக்கு மனசு வரவில்லை என்றும் சொன்னார். "கோபத்தையெல்லாம் குழியில கொட்டிட்டீங்களேம்மா. இனிமே எதை வச்சு எழுதுவீங்க?" என்று வருத்தத்தோடு கேட்டார்.

"தீர்ந்துபோச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றாள் கதைக்காரி. உள்ளே போய்த் தாள்களை எடுத்துவந்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து, சத்தமாகப் படித்தாள். ஒரு பத்திரிகை ஆசிரியர் மூன்றாவது அத்தியாயத்தில் சாகிறார், அதுவும் சுலபமாக இல்லை. நடுவில் கருநிழல் டீயைக் கொண்டுவந்து நீட்டி, "இதைக் குடி, இதற்குப் பிறகு நீ எதையும் குடிக்கப்போவதில்லை" என்றான். ஆசிரியர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். படித்து முடிந்ததும் மின்விசிறிக்கு அடியிலிருந்து நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"இது நான்தானே?"

"நீங்கதான்."

"யார் பேருல போடறது?"

"எழுதினது யாரு?"

ஆசிரியர் தலையசைத்தார். தொழில் தெரிந்தவர் ஆகையால் இன்னொன்றும் தோன்றியது. "மூணாவது அத்தியாயம் வரைக்கும் ஏன் இழுக்கணும்? முதல் அத்தியாயத்துலயே அந்த ஆளைக் கொன்னுட்டா வேகமா இருக்குமே" என்றார்.

"அதெப்படி? நீங்க கொஞ்ச நாள் உயிரோட இருந்து பயப்படணும்" என்றாள். ஆசிரியர் யோசித்துப் பார்த்துவிட்டு அதுவும் சரிதான் என்றார், டீயைக் குடித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் அத்தியாயம் அவள் பேரில் வெளிவந்தது.